காப்பிப்பொடிக் கலர் கோடி

அடையாறு
20.6.2024

நாஸியாவுக்கு,

பக்ரீத் அவசரமெல்லாம் முடிந்து இப்போதுதான் மூச்சு விட்டிருப்பாய் என்று எழுதுகிறேன். நீ அனுப்பிய பிரியாணியில் சிந்து ஒரு பருக்கை விடவில்லை. இவர் போய் ஒரு வருஷம் முடியும்வரை நான் கவிச்சி தொடமாட்டேன் என்று எனக்கு மட்டும் தனியாகத் தேங்காய்ச் சோறும் கத்தரிக்காயும் வைத்திருந்தாய். அதைச் சாப்பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன். காரம் அப்படி.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இவர் சட்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. எழுதினால் அந்தத் தொந்தரவு இல்லை.

சிந்துவுக்குத் தரமணியில் வேலை கிடைத்துவிட்டது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். நாலு நல்ல உடுப்பு வாங்கிக்கொள்ளடி என்றால், "எனக்கு அப்பா சட்டையில தச்சுக் குடும்மா, அது போதும்" என்கிறாள். இவர் போய் வருஷம் நெருங்குகிறது, இன்னும் நான் அந்தப் பீரோவைத் திறக்கவில்லை. நேற்றுத் திறந்தேன். ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுப்பதும், மடித்துத் திரும்ப உள்ளே வைப்பதுமாகச் சாயங்காலம் வரை அதே வேலை. கடைசியில் சிந்து வந்து பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு திணித்தேன்.

எல்லாம் நீ தைத்த சட்டைகள்தான். டி.நகர் கடையில் நின்று ஊருக்கே சட்டைத்துணி கிழித்துக் கொடுத்த மனுஷன், தனக்கென்று வரும்போது கட்பீஸ்தான் எடுத்தார். நைந்த இடம் எது, நல்ல இடம் எது என்று உனக்குத் தெரியும். பார்த்து வெட்டு.

பைக்கு அடியில் ஒரு கோடி இருக்கிறது. காப்பிப்பொடிக் கலர். அதைத் தனியாகப் பார்த்துச் செய். கோடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பையை சிந்து கொண்டுவருவாள். நான் இன்னும் வாசல் தாண்டுவதில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போகத் தோன்றவில்லை.

அன்புடன்
தங்கம்


கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
29.6.2024

தங்கம் அக்காவுக்கு நாஸியா சலாம்.

எடுத்த வேலை முடிந்தது. பையைப் பிரிப்பதற்கு முன்னால் கையை நன்றாகக் கழுவு, ஏனென்றால் என் தையலைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டப் போகிறாய்.

அண்ணன் சட்டையில் சிந்துவுக்கு மூன்று டாப் வந்திருக்கிறது. க்ரீம் கலர் கோடு போட்டதையும் சாம்பலையும் சேர்த்து ஒன்று, மற்றவை தனித்தனி. சட்டையைப் பிரிக்கும்போதுதான் ஒவ்வொன்றும் ஞாபகம் வருகிறது. அண்ணனுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், துணி பண்டல் சுமந்து சுமந்து. நான் அதற்குத் தகுந்தாற்போல் வெட்டித் தைப்பேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. "நாஸியா தச்சா மட்டும் சட்டை நேரா நிக்குது" என்பார். காலர் நைந்துபோனால் கொண்டுவந்து, "திருப்பிப் போட்டுக் குடும்மா, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்பார். திருப்பிய காலர் இரண்டு பக்கமும் நைந்த பிறகுதான் அந்தச் சட்டையை விடுவார். நீயும் அவரோடு சேர்ந்து அதே மாதிரி ஆகிவிட்டாய்.

பாக்கெட் இருந்த இடத்தை மட்டும் டாப்பில் சேர்க்கவில்லை. பாக்கெட்டோடு வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் பிரித்தால் அடியில் இருக்கும் துணி வெளுக்காமல் பளிச்சென்று இருக்கும், மற்ற இடத்தோடு ஒட்டாது. துண்டுதானே என்று தூக்கிப் போட எனக்கு மனசு வராது, உனக்கே தெரியும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அடியில் இருந்த புதுத்துணி. அக்கா, நீ கட்பீஸ்காரர் பெண்டாட்டி என்று நான் கேலி செய்ததெல்லாம் வாபஸ். மகள் வேலைக்குப் போகும் முதல் நாளுக்கென்று எவ்வளவு நல்ல கைத்தறி எடுத்து வைத்திருக்கிறாய்! மாட வீதிப் பக்கத்திலிருந்து தீபாவளிக்கு வருகிறவர்கள் எல்லாம் "கோடி எடுத்தாச்சு, தச்சுக் குடு" என்றுதானே வந்து நிற்பார்கள். அதனால் நீ சொல்ல வேண்டியதில்லை, எனக்குப் புரிந்தது. கூம்புத் துண்டுகளாகக் கலி வைத்து விரியும் டாப், மிச்சத்தில் பேன்ட், முந்தானையில் துப்பட்டா. அதோடு விட்டேனா? அண்ணனின் நீலக் கட்டம் சட்டையில் காலர் வைத்திருக்கிறேன். மகள் முதல் நாள் ஆபீசுக்குப் போகும்போது அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு போகட்டும் என்று. வெட்டி முடித்துவிட்டு நானே உட்கார்ந்து அழுதேன். காரம் எதுவும் சாப்பிடவில்லை.

உனக்கும் ஒரு சுடிதார் தைத்துத் தருகிறேன் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! அண்ணன்கூட அன்றைக்கு, "தச்சுப் போடு, அவ என்ன சொல்றான்னு பாப்பம்" என்றார். நீதான் கையைக் காலை உதைத்தாய். அளவு கொடுக்க ஒரு நாள் வா. வாசலைத் தாண்டினால் கடல் ஒன்றும் இல்லை, ஆட்டோதான் நிற்கும்.

நாஸியா


அடையாறு
18.7.2024

நாஸியா,

இன்று காலையில் பொதிகை ரயிலில் என் அண்ணன் தென்காசியிலிருந்து வந்தார். அவர் படியேறவும், சிந்து நீ தைத்த அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கவும் சரியாக இருந்தது. அண்ணன் அவளை நிறுத்தி, துப்பட்டா கரையைக் கையில் பிடித்துப் பார்த்தார். "ஏ தங்கம், என்னட்டி இது? நான் போட்ட கோடில்லா இது?" என்றார். பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

உன் கடிதத்தை நான் அன்றைக்குப் படிக்கவில்லை. பையை அப்படியே சிந்துவிடம் கொடுத்திருந்தேன். சட்டைகள் டாப்பாக வந்திருப்பதைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. அவளும் காலையில் நான் அடுப்படியில் இருக்கும்போது கிளம்பி, இருட்டி வருகிறவள். இன்றுதான் கடிதத்தைப் பிரித்தேன்.

அது புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து போடுகிற கோடி. அதை வெட்டி என் மகளுக்கு மாட்டிவிட்டிருக்கிறாய். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா? உங்க ஆளுங்களுக்கு எங்க சடங்கு எங்கே புரியப் போகிறது. உன்னிடம் கொடுத்தது என் புத்திக் கோளாறு.

இனி எனக்கு எதுவும் தைக்க வேண்டாம். போனும் செய்யாதே.

தங்கம்


கச்சேரி ரோடு
23.7.2024

தங்கம் அக்காவுக்கு,

போன் செய்யாதே என்றாய். செய்தேன். என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். என் வீட்டுக்காரர் தௌஃபீக் போனிலிருந்து செய்தேன், அவர் நம்பரையும் தடுத்துவிட்டாய். அவர் பாவம் என்ன செய்தார்? "நா இன்னா பண்ணேன், அக்காக்கு என் மேல இன்னாத்துக்குக் கோவம்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 

ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தேன். உள்ளே மிக்ஸி ஓடியது. மணி அடித்ததும் மிக்ஸி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய், இந்தப் பக்கம் நான் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "உள்ளதான் இருக்காங்க, நல்லா அடிங்க" என்றார். நான் அடிக்கவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

அக்கா, அது சாவுக்குப் போட்ட துணி என்று தெரிந்திருந்தால் கத்தரி பக்கமே கொண்டுபோயிருக்க மாட்டேன். எங்கள் வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறது. எது சும்மா துணி, எது சும்மா துணி இல்லை என்று எனக்கும் தெரியும். கோடி என்றால் புதுத்துணி என்றுதான் நான் இத்தனை காலமும் கேட்டிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று நீயும் சொன்னதில்லை, யாரும் சொன்னதில்லை. நீயே "சொல்ல வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தாய். வெட்டினது என் கை. அதற்கு ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். "உங்க ஆளுங்க." 

அடையாறு போவதற்கெல்லாம் முன்னால், நீ கல்யாணமாகி இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது, பால் எங்கே வாங்குவது என்று என்னிடம்தான் கேட்டாய். சிந்து பிறந்தபோது பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழசுதான் போட வேண்டும் என்று நீ சொல்லி, அண்ணனின் பழைய வேட்டியைக் கிழித்து அவளுக்கு முதல் சட்டை தைத்தது நான். அவள் மேல் பட்ட முதல் தையல் என் தையல். அன்றைக்கு நான் யார் ஆளு? இப்போது எப்படி உங்க ஆளுங்க ஆனேன்?

வேறு யார் சொல்லியிருந்தாலும் நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீ சொன்னதால் திட்டவும் வரவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் நூல் கோக்க முடியவில்லை, கண் மறைக்கிறது.

நாஸியா


அடையாறு
5.8.2024

நாஸியாவுக்கு,

எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் ஏன் அப்படிக் கொதித்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இவருக்குக் காரியம் நடந்த அன்றைக்கு நீயும் வந்திருந்தாய். கீழே பந்தலில் சாப்பாடு பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் மாடியில் நடந்ததைப் பார்த்திருக்க மாட்டாய். வீடு முழுக்க இவர் பக்கத்துச் சனம். என் பக்கம் என்று அம்மா இல்லை, அப்பா இல்லை. நடுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அத்தனை பேரையும் தாண்டி வந்து, அந்தச் சேலையை என் தோளில் போட்டு, "நான் இருக்கேன்ட்டி" என்றார். அதற்குத்தான் கோடி. நீ அனாதை இல்லை, உனக்குப் பிறந்த வீடு இருக்கிறது என்று சபையில் சொல்வது. நீ நினைக்கிற மாதிரி அது சாவுத்துணி இல்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பிடிமானம்.

எங்கள் குடும்பத்தில் முதல் வருஷத் திதிக்கு அதைக் கட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால்தான் ஃபால் வைத்து ஓரம் அடித்து வாங்கலாம் என்று உனக்கு அனுப்பினேன். புதுச் சேலை வந்தால் ஃபால் வைக்காமல் வேறு என்ன செய்வாள் என்று நான் நினைத்தேன். புதுத்துணி வந்தால் வெட்டாமல் வேறு என்ன செய்வது என்று நீ நினைத்தாய். கொடுமை என்னவென்றால், யோசித்துப் பார்த்தால் இரண்டும் சரிதான்.

அண்ணனிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். தெரியாமல் நடந்தது என்று அழுதேன். வேறு சேலை எடுத்துப் போடுங்கள் என்றேன். "கோடி ஒரு தடவதான் போடுவாவ. நான் போட்டத வெட்டிப் பிள்ளைக்குச் சட்டை தச்சாச்சி. இனி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வந்து நிப்பேன்?" என்கிறார். திதிக்கு வரமாட்டாராம். எனக்கு இருப்பது ஒரே அண்ணன் நாஸியா. அவரும் வராவிட்டால் அன்றைக்கு நான் மறுபடியும் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

நான் கேட்கப்போவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. அதைப் பிரித்து மறுபடியும் சேலையாக்க முடியுமா? திதி ஆவணியில் வருகிறது.

"உங்க ஆளுங்க" என்று எழுதியது தப்பு. எழுதும்போதே தெரியும், தெரிந்தேதான் எழுதினேன். உனக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும் இல்லையா, அதனால்.

தங்கம்


கச்சேரி ரோடு
8.8.2024

அக்காவுக்கு,

வேட்டியைச் சட்டையாக்கு என்பார்கள், சட்டையை ஜாக்கெட்டாக்கு என்பார்கள், ஜாக்கெட்டைக் கரித்துணியாக்கு என்பார்கள். சுடிதாரைச் சேலையாக்கு என்று கேட்டவள் நீ ஒருத்திதான். தௌஃபீக்கிடம் சொன்னேன். "பொடவைய வெட்டிட்டு, வெட்டினத மறுபடியும் பொடவையாக்கிக்கினு கீறியா? ஆம்லெட்ட முட்டையாக்க சொல்லுவாங்க நாளைக்கு" என்றார்.

நடக்காத காரியம் அக்கா. கழுத்தும் கையும் வளைத்து வெட்டியது. பட்டன் மூடவும் ஓரம் கட்டும் பைப்பிங்குக்கும் போன துணி தூளாகப் போய்விட்டது. ஒட்டுப்போட்டது எட்ட இருந்தே தெரியும். அதைக் கட்டிக்கொண்டு நீ நின்றால் உன் அண்ணனுக்கு இன்னும் அவமானமாகத்தான் இருக்கும்.

அந்த உடுப்பு எங்கே இருக்கிறது?

நாஸியா


அடையாறு
10.8.2024

நாஸியா,

சிந்து துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அவளேதான் கொண்டுவருகிறாள். கொடுக்க அவளுக்கு இஷ்டமில்லை. காலரைத் தடவிக்கொண்டே இருந்தாள். முடிந்ததைச் செய். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கம்


கச்சேரி ரோடு
28.8.2024

தங்கம் அக்காவுக்கு,

பையில் இருப்பதைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

சிந்து அன்றைக்கு வந்து உடுப்பை மேஜையில் வைத்தாள். "ஆன்ட்டி, எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா அம்மாவுக்கு மாமா வேணும்" என்றாள். சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள். அவள் அப்படிச் சொன்ன பிறகு முடியாது என்று எப்படித் திருப்பி அனுப்புவது?

பிரித்தேன். தைக்கும்போது சந்தோஷமாகத் தைத்தேன், அதனால் நெருக்கமாகப் போட்டிருந்தேன். ஒவ்வொரு தையலாகப் பிரிக்கும்போது என்னையே திட்டிக்கொண்டேன். கலிகளைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைத்தால் நேர்த்துணி கிடைத்துவிட்டது. துப்பட்டா மறுபடி முந்தானை ஆகிவிட்டது. பேன்ட் உள்பக்கம் போய்விட்டது, மடிப்பில் தெரியாது. வெட்டிய துணுக்குகளை நான் வீசாமல் வைத்திருந்தது புண்ணியம். கரையைக் கரையோடு சேர்த்துக் கையால் தைத்தேன், அது மிஷினுக்கு அடங்காது.

ஆனால் சொன்ன மாதிரியே கழுத்தும் கையும் வெட்டிய இடத்தில் துணி பத்தவில்லை. அதே கலர் தேடி பாண்டி பஜாரெல்லாம் அலைந்தேன். காப்பிப்பொடியில் எத்தனை கலர் இருக்கிறது தெரியுமா? ஒன்றும் சேரவில்லை. கடைசியில் அண்ணன் சட்டையின் பாக்கெட் துண்டுகளை எடுத்தேன். பாக்கெட்டைப் பிரித்துவிட்டு அடியில் பார்த்தேன். அக்கா, அத்தனை வருஷம் துவைத்த சட்டை, அந்தச் சதுரம் மட்டும் அன்றைக்கு மடித்துக்கொண்டு வந்த துணி மாதிரி இருக்கிறது. வெயில் படவில்லை, வெளுக்கவில்லை. பழசுக்குள்ளே ஒரு கோடி! அதைத்தான் வைத்திருக்கிறேன். நீலக் கட்டம், க்ரீம் கோடு, சாம்பல். நெஞ்சுக்கு மேலே இருந்த துணி.

நீலக் கட்டம் பாக்கெட்டின் மூலையில் கொஞ்சம் திருநீறு இருந்தது. கபாலி கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் இங்கேதான் வந்து நிற்பார், பாக்கெட்டில் மடித்து வைத்திருப்பார். தட்டிவிட மனசு வரவில்லை. காகிதத்தில் மடித்து முந்தானையில் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. அதைப் பார்த்ததும்தான் அவர் போய்விட்டார் என்பதே எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளாக உனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்ததில், எனக்கும் ஒரு அண்ணன் போய்விட்டார் என்று நான் உட்கார்ந்து அழவில்லை. இந்தச் சேலையில் அதையும் செய்து முடித்தேன்.

மறைக்கவில்லை. ஒட்டுத் தெரியும். உன் அண்ணன் கேட்டால் கச்சேரி ரோட்டு நாஸியா கெடுத்தாள், அவளே தைத்தாள் என்று சொல். எது வேண்டுமானாலும் என் தலையில் போடு.

நீ எழுதிய அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல எனக்கு வராது. ஆனால் கோபம் போய்விட்டது. பிரிக்கும்போது ஒவ்வொரு நூலாகப் போனது என்று நினைக்கிறேன்.

ஃபால் வைத்து ஓரம் அடித்திருக்கிறேன். இந்தத் தடவை சரியாகச் செய்தேனா?

நாஸியா


அடையாறு
4.9.2024

நாஸியாவுக்கு,

திதி நல்லபடியாக முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

சேலையைப் பிரித்ததும் அந்தக் காகித மடிப்பு என் மடியில் விழுந்தது. திருநீறை நானும் சிந்துவும் பூசிக்கொண்டோம். பிறகு சேலையை போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பலாம் என்று சிந்து சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். போன் செய்து, "கோடி சேலையாகத்தான் இருக்கிறது, கட்டப் போகிறேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்" என்று மட்டும் சொன்னேன். அண்ணன் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்குக் காலையில் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டும்போது சிந்துதான் கொசுவம் பிடித்துக் கொடுத்தாள். நீ எப்படிக் கணக்குப் போட்டாயோ தெரியவில்லை, நீலக் கட்டம் இடது தோளில் வந்து உட்கார்ந்தது. இவருக்கு இறங்கியிருந்த தோள். தெரிந்து வைத்தாயா, தானாக வந்ததா? நீ எது சொன்னாலும் நம்ப மாட்டேன், அதனால் சொல்லாதே.

ஐயர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அண்ணன் படியேறி வந்தார். யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்து நின்றார். ஒட்டுகளையெல்லாம் ஒன்றொன்றாகப் பார்த்தார். தோளில் இருந்த நீலக் கட்டத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். இவர் கடைசியாகத் தென்காசிக்குப் போனபோது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனார். இதோ கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, நான் ஒனக்குத் தனியாத்தான கோடி போட்டேன்" என்றார். "இப்ப மாப்பிள்ளையுங் கூட நிக்காருல்லா" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். கடைசிவரை நின்றார்.

சாப்பிட்ட பிறகு, "யாரு தச்சது?" என்றார். நீ எழுதிய மாதிரியே சொன்னேன், கெடுத்ததும் அவள்தான், தைத்ததும் அவள்தான் என்று. "கெடுத்தவ இம்புட்டு பாடுபட மாட்டா. தெரியாமச் செஞ்சிருக்கு அந்தப் பிள்ள. நீ அதுட்ட பேசாம இருக்கியாமே, சிந்து சொன்னா. கோட்டிக்காரி மாதிரி இருக்காதட்டி" என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கற்கண்டில் பாதியை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

அந்த வார்த்தையை நீ மறக்க வேண்டாம் நாஸியா. நான் மறந்தால்தான் தப்பு. யார் என் ஆளு என்று அண்ணன் வருவதற்கு முன்னாலேயே, அந்தத் திருநீறு மடிப்பைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு.

இன்னொரு விஷயம். நேற்று ராத்திரி சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன். சிந்து கொடிக்கு முன்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் திறந்து கேட்கவில்லை. கோடி என்றால் புதுசு என்று நீதானே எழுதினாய். ஒரு நாள் கட்டியாகிவிட்டது, துவைத்தும் ஆகிவிட்டது. இனி அது கோடி இல்லை, பழசு. அண்ணனிடமும் போனில் கேட்டுவிட்டேன். "நான் போட்டது போட்டாச்சி. நீ உடுத்தியாச்சி. இனி அது ஒன் சேல, என்னமும் செய்யி" என்றார்.

அதனால் சேலையைப் பையில் வைத்திருக்கிறேன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று இந்தத் தடவை எழுத மாட்டேன். சொல்லியே விடுகிறேன். சிந்துவுக்குப் பழையபடியே டாப் தைத்துவிடு, அதே நீலக் கட்டம் காலரோடு. க்ரீம் கோடும் சாம்பலும் எனக்கு வேண்டும். அவற்றை வைத்து, நீ பல வருஷமாகத் தைக்கிறேன் தைக்கிறேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த சுடிதாரை எனக்குத் தைத்துவிடு.

இந்தப் பையை சிந்துவிடம் கொடுத்தனுப்பவில்லை. வாசலில் ஆட்டோதான் நிற்கும் என்று எழுதியிருந்தாயே, நின்றது. ஏறி வந்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதி எடுத்து வந்து உன் கையில் கொடுத்திருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது உன் மிஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

படித்துவிட்டாய் அல்லவா? தௌஃபீக்கை டீ சொல்லச் சொல். நீ எழுந்து வந்து அளவு எடு.

தங்கம்